நிபந்தனைக்கு நான்கு வினாடி

"விதிமுறைகளுக்கும் நிபந்தனைகளுக்கும் உட்பட்டது."

இந்த வரியை எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. இதை ஆங்கிலத்தில் சொல்ல வாய் 7 தடவை அசைந்தால் போதும். மலாயில் 11. தமிழில் 18. விரல் மடக்கி எண்ணிப் பாருங்கள். பெட்டாலிங் ஜெயாவின் ஒலிப்பதிவுக் கூடங்களில் முப்பது வருடமாக நான் பட்ட பாட்டில் பாதி, இந்தப் பதினெட்டையும் ஒன்றரை வினாடிக்குள் அடைக்கிற பாடுதான்.

தொலைக்காட்சி, வானொலி விளம்பரங்களுக்குத் தமிழ் எழுதுவது என் தொழில். பல சமயம் குரலும் என்னுடையதே. பிறந்து வளர்ந்தது கிள்ளான். வேலை கோலாலம்பூரைச் சுற்றி.

இந்த நாட்டில் பெரிய விளம்பரம் என்றால் அது பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் பிறக்கும். ஏஜென்சியில் ஆங்கிலத்தில் யோசித்து, கிளையன்டிடம் ஆங்கிலத்தில் ஒப்புதல் வாங்கி, அந்த வசனத்தின் அளவுக்குப் படத்தை 30 வினாடிக்கு வெட்டி ஒட்டி முடித்துவிடுவார்கள். அப்புறம் மலாய். அப்புறம் மாண்டரின். தமிழ் கடைசி. மாலை நாலரைக்கு ஸ்கிரிப்ட் வரும், மறுநாள் காலை ஒலிப்பதிவு இருக்கும். படத்தில் ஒரு இம்மியும் இனி நகராது. அம்மா பாத்திரத்தில் நடிப்பவர் கிண்ணத்தை மேசையில் வைக்கிற நொடியில் என் வாக்கியம் முடிந்தாக வேண்டும். ஆங்கில ஸ்கிரிப்டில் 70 சொல் இருந்தால் தமிழில் 45 தாண்டக்கூடாது. நம் சொற்கள் விகுதியும் வேற்றுமையும் சேர்ந்து நீண்டுகொண்டே போகும். அதனால் தமிழ் எழுதுவது என்பது முதலில் எதை விடுவது என்று முடிவு செய்வதுதான்.

ஒரு வங்கியின் கடன்பற்று அட்டை விளம்பரம் நினைவுக்கு வருகிறது. உங்களுக்கு இது தகும் என்கிற பொருளில் ஆங்கிலத்தில் கடைசி வரி. யாரோ செய்து அனுப்பியிருந்த தமிழில், "ஏனெனில் நீங்கள் அதற்குத் தகுதியானவர்" என்று இருந்தது. தகுதி என்றால் நம் காதில் விழுவது நேர்முகத் தேர்வு, உதவித்தொகை விண்ணப்பம், முத்திரை குத்தி வருகிற பதில் கடிதம். ராத்திரி முழுக்க யோசித்து, "உங்களுக்கில்லாமலா!" என்று எழுதிக் கொடுத்தேன். பலகாரத் தட்டை நீட்டும்போது நம் வீடுகளில் தானாக வருகிற சொல். கிளையன்ட் அலுவலகத்தில் தமிழ் தெரிந்த ஒரே ஆள் வரவேற்பு மேசையில் இருந்த பெண். அவரிடம் காட்டினார்கள். வாசித்துவிட்டு, "எங்க அம்மா இப்படித்தான் சொல்வாங்க" என்றாராம். ஒப்புதல் கிடைத்துவிட்டது. ரொம்ப நாள் அந்த வரியை நினைத்து எனக்குப் பெருமை.

அந்தப் பெருமை கரைந்தது என் அத்தை வீட்டில்.

அத்தை காப்பார் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தோட்டம் விற்கப்பட்டதும் கிள்ளானில் மலிவு விலை அடுக்குமாடிக்குக் குடிவந்தார். ஒரு தீபாவளிக்குப் போனபோது சமையலறையில் இரண்டு கதவு ஐஸ்பெட்டி ஒன்று, மேலே ஒட்டிய பிளாஸ்டிக் தாள்கூடக் கிழிக்காமல் நின்றது. "மாசம் 99 வெள்ளிதான்" என்றார். தவணைச் சீட்டை வாங்கிப் பார்த்தேன். 36 மாதம். மொத்தம் 3,564 வெள்ளி. ரொக்கம் கொடுத்திருந்தால் 2,300-க்குள் முடிகிற சாமான். ஏன் அத்தை இப்படி என்று கேட்டேன்.

"ஏம்மா, டீவியில நீதானே சொன்னே? உன் குரல் எனக்குத் தெரியாதா? நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு மாமாகிட்ட சொல்லிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்."

அந்த விளம்பரத்தில் பொய் ஒன்றும் இல்லை. மாதம் 99 என்பது உண்மை. முன்பணம் வேண்டாம் என்பதும் உண்மை. மொத்தத் தொகை திரையின் அடியில் பொடி எழுத்தில், ஆங்கிலத்தில், இரண்டு வினாடி வந்து போனது. அத்தை தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை படித்தவர். அவருக்கு எட்டக்கூடிய ஒரே எச்சரிக்கை நான் சொன்ன அந்தப் பதினெட்டு அசைவுதான். அதை நான் ஒன்றரை வினாடியில் விழுங்கியிருந்தேன்.

அதை எப்படிச் செய்வது என்றும் சொல்லிவிடுகிறேன். முதலில் நாமே வேகமாகப் படிப்போம். போதாவிட்டால், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஒலிப்பதிவாளர் சொல்லுக்குச் சொல் நடுவே நாம் இழுக்கிற மூச்சை வெட்டி எடுப்பார். அதற்கும் அடங்காவிட்டால் கணினியில் அந்தத் துண்டை மட்டும் பிடித்து அமுக்குவார். குரலின் கனம் மாறாது, வேகம் மட்டும் கூடும். கேட்கிறவர் காதில் ஏதோ சொன்னார்கள் என்பது விழும். என்ன சொன்னார்கள் என்பது விழாது. சட்டத்துக்குச் சொன்னதாயிற்று, வியாபாரத்துக்குச் சொல்லாததாயிற்று. ஒரு விளம்பரத்தின் நேர்மையை அளக்க வேண்டுமென்றால் வேகமாகச் சொல்லப்படுகிற இடத்தைக் கவனியுங்கள் என்று என்னிடம் தொழில் கற்க வருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்வேன். விலைக்கு எவ்வளவு நேரம், நிபந்தனைக்கு எவ்வளவு நேரம் என்று வினாடி பார்த்தால் போதும், மிச்சம் விளங்கிவிடும்.

அத்தை சொன்னதில் இன்னொன்று உறைத்தது. மலாய் விளம்பரமும் ஆங்கில விளம்பரமும் அவருக்குப் பின்னணியில் ஓடும் சத்தம். தமிழ் வந்தால் தலை நிமிர்கிறது. இதற்கு ஒரு சரித்திரம் உண்டு. இந்த நாட்டில் தொலைக்காட்சி தொடங்கியது 1963 டிசம்பர் 28. முதல் தனியார் அலைவரிசையான டிவி3 வந்தது 1984-ல். என் சிறுவயதில் வாரத்துக்கு ஒரு தமிழ்ப் படம் போடுவார்கள், அக்கம்பக்கம் அத்தனையும் எங்கள் கூடத்தில் உட்கார்ந்திருக்கும். படத்துக்கு நடுவே வருகிற விளம்பரமோ மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கும், எல்லாரும் அடுப்பைப் பார்க்க எழுந்து போவார்கள். 1996-ல் ஆஸ்ட்ரோ கட்டணத் தொலைக்காட்சி வந்து வானவில் அலைவரிசை ஒளியேறிய பிறகுதான் நாள் முழுக்கத் தமிழ், நடுவே தமிழில் விளம்பரம் என்றாயிற்று. கடைக்காரன் நம் மொழியில் நம்மைக் கூப்பிடுகிறானே என்ற சந்தோஷம் எங்கள் ஆட்களுக்கு உண்மையாகவே இருந்தது. இத்தனை காலம் கூப்பிடாதவன் கூப்பிட்டால் நம்பத்தானே தோன்றும்? அந்த நம்பிக்கைதான் எங்கள் முதல். என் தமிழ் எவ்வளவு இயல்பாக இருக்கிறதோ அவ்வளவுக்கு அந்த ஐஸ்பெட்டி விற்கும். "உங்களுக்கில்லாமலா" என்று ஒரு வங்கி சொல்வதற்கும் என் அத்தை சொல்வதற்கும் உள்ள தூரத்தை அழித்துக் கொடுத்தது நான்தான்.

உத்திகள் புதிதல்ல. சிகரெட் விளம்பரத்தை வானொலி, தொலைக்காட்சியிலிருந்து 1982-ல் எடுத்தார்கள். ஆனால் சிகரெட்டின் பெயரை எடுக்கவில்லை. அதற்கப்புறமும் இருபது வருடம் பயணச் சேவை, உடுப்பு, இசை நிகழ்ச்சி என்று ஏதாவது ஒரு சாக்கில் பீட்டர் ஸ்டைவசண்ட், சேலம் என்ற பெயர்களும் அவற்றின் வண்ணங்களும் திரையில் வந்துகொண்டே இருந்தன. மலேசியக் காற்பந்து லீக்கே டன்ஹில் பெயரில் நடந்த காலம் ஒன்று இருந்தது. தோட்டத்துக்குள்ளே இதைவிடக் கொடுமை. மலிவான சம்சு சாராயப் போத்தல்களில் உடல் வலிக்கு நல்லது, அஜீரணத்துக்கு நல்லது என்று அச்சடித்து விற்றார்கள். பிள்ளை பெற்றவளுக்குக்கூட ஆகும் என்று பேச்சு. எஸ்.எம். முகமது இத்ரிஸ் தலைமையில் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் இதை எதிர்த்து வருடக்கணக்கில் எழுதியது, தமிழிலும் எழுதியது. 2019-ல் அவர் மறைந்தபோது எங்கள் தொழிலில் இருக்கிற பலர் பேசாமல் இருந்தார்கள். நான் நினைத்துக்கொண்டேன், நாங்கள் 30 வினாடியில் கட்டியதை இந்த மனிதர் ஐம்பது வருடமாக அவிழ்த்துக்கொண்டிருந்தார் என்று.

மருந்து விளம்பரத்துக்கு இங்கே கடுமையான சட்டமே இருக்கிறது. 1956-ம் ஆண்டு மருந்து விளம்பர, விற்பனைச் சட்டத்தின்படி நீரிழிவு, புற்றுநோய், இதயநோய், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா உள்ளிட்ட 20 நோய்களைக் குணமாக்கும் என்று பொதுமக்களுக்கு விளம்பரமே செய்யக்கூடாது. மற்றவற்றுக்கு மருந்து விளம்பர வாரியத்தின் அனுமதி எண் வேண்டும். கேகேஎல்ஐயு என்று தொடங்குகிற அந்த எண்ணைப் பத்திரிகை விளம்பரங்களின் மூலையில் பார்த்திருப்பீர்கள். இவ்வளவு இருந்தும் ஒரு தடவை என்னிடம் ஒரு ஸ்கிரிப்ட் வந்தது. அதில் நோயின் பெயரே இல்லை. "அடிக்கடி தாகமா? பாதத்தில் எரிச்சலா? ராத்திரியில் மூன்று நான்கு தடவை எழுந்திருக்கிறீர்களா?" என்று கேள்விகள் மட்டும். கடைசியில் ஒரு மூலிகைப் பொடியின் படம்.

எங்கள் ஆட்களில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், இந்த மூன்று கேள்விக்கும் ஒரே பதில்தான் சொல்வார்கள்: இனிப்புநீர். 2019-ல் எடுத்த தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயதுவந்தவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது, இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் அதிகம். என் அப்பா அதில் ஒருவர். ஒரு கால் கட்டைவிரலை எடுத்த பிறகுதான் மாத்திரையை ஒழுங்காகப் போட்டார். அதற்கு முன் இரண்டு வருடம் யாரோ சொன்ன பொடியைக் கரைத்துக் குடித்துக்கொண்டிருந்தார். அந்த ஸ்கிரிப்டை நான் திருப்பி அனுப்பினேன். வேறொருவர் குரல் கொடுத்திருப்பார். இருக்கட்டும், என் குரலைக் கேட்டு எந்த அப்பாவும் மாத்திரையை நிறுத்த வேண்டாம்.

முகப்பூச்சு விளம்பரம் ஒன்றுக்கு மட்டும் வாய்விட்டு அழுதிருக்கிறேன். வசனத்துக்காகப் படப்பிடிப்புக்கே வரச் சொல்லியிருந்தார்கள். ஷா ஆலாமில் ஒரு பண்டகசாலையை ஸ்டூடியோவாக மாற்றியிருந்தார்கள். பூசுவதற்கு 'முன்', பூசிய 'பின்' என்று இரண்டு முகம் வேண்டும். இரண்டும் ஒரே பெண், ஒரே நாள், ஒரே நாற்காலி. 'பின்' படத்தை முதலில் எடுத்தார்கள். முகத்துக்கு எதிரே இரண்டு பெரிய விளக்கு, முகவாய்க்குக் கீழே வெள்ளை அட்டை ஒன்று, அதில் பட்ட வெளிச்சம் கழுத்து நிழலை அழித்துவிடும். பிறகு 'முன்'. அட்டையை எடுத்தார்கள். ஒரு விளக்கை அணைத்தார்கள். ஒப்பனைப் பெண் அவள் முகத்தைக் கழுவித் துடைத்து, அவள் நிறத்தைவிட இரண்டு படி கறுப்பான பவுடரை ஒற்றி, தலைமுடியைக் கொஞ்சம் கலைத்துவிட்டார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது, ஆனால் அந்தப் பிள்ளை கேமராவைப் பார்த்ததும் பழக்கத்தில் சிரித்துவிட்டாள். இயக்குநர், "சிரிக்க வேண்டாம்" என்றார். மறுபடி சிரித்தாள். மறுபடி சொன்னார். நாலாவது தடவை அவள் முகம் அவர் கேட்டபடி வாடியது. அதுதான் படத்தில் வந்தது.

அதற்கு நான் எழுதிக் கொடுத்த வரியில் 'கறுத்துப்போன' என்ற சொல் இருந்தது. அது என் சொல், ஆங்கில ஸ்கிரிப்டில் 'களையிழந்த' என்ற பொருளில்தான் இருந்தது. தமிழில் ஓட்டமாக வருகிறதே என்று போட்டேன். வீட்டில் பிள்ளை வெயிலில் விளையாடிவிட்டு வந்தால் பாட்டிமார் சொல்கிற சொல்லை விளம்பரத்துக்குக் கொடுத்துவிட்டேன். அன்றிலிருந்து அந்த வகை வேலையை எடுப்பதில்லை. 1975-ல் இந்தியாவில் தொடங்கிய ஃபேர் அண்ட் லவ்லி 2020-ல் க்ளோ அண்ட் லவ்லி ஆயிற்று. அதற்கு மூன்று வருடம் முன்னால் இங்கே அழகுசாதனக் கடையான வாட்சன்ஸ் நோன்புப் பெருநாளுக்காக இணையத்தில் விட்ட ஒரு கதைப் படத்தில், கறுப்புச் சாயம் பூசிய பெண் முகம் கழுவியதும் வெள்ளையாக வந்து நின்றாள். மக்கள் கொதித்தார்கள். நிறுவனம் மன்னிப்புக் கேட்டுப் படத்தை எடுத்தது. மக்கள் அப்படிக் கொதித்ததைப் பார்த்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது.

திரையில் யார் முகம் என்பதில் அரசுக்கும் நீண்ட காலமாக அக்கறை உண்டு. தொலைக்காட்சி விளம்பரங்களை இந்த நாட்டிலேயே எடுக்க வேண்டும் என்று விதி வைத்தார்கள். எங்கள் ஒளிப்பதிவாளர்கள், ஒப்பனைக்காரர்கள் பிழைத்தது அதனால்தான். 2002-ல் பிராட் பிட் நடித்த டொயோட்டா கார் விளம்பரத்தையே, ஆசியர்களுக்குத் தாழ்வு மனப்பான்மை வரும் என்று நிறுத்தினார்கள். கலப்பின முகங்களையே எல்லாரும் தேடுகிறார்களே என்றும் அமைச்சர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆனால் உள்ளூர் முகம் என்று தேர்வு நடக்கிற அறையில் நான் உட்கார்ந்திருக்கிறேன். மூன்று நண்பர்கள் உட்கார்ந்து பேசுகிற காட்சி என்றால் இந்திய நண்பனுக்கு வசனம் இருக்காது, தலையாட்டல் இருக்கும். அந்தத் தலையாட்டலுக்கும் மாநிறத்துக்கு மேல் போகாத ஆளாகப் பார்ப்பார்கள்.

இத்தனைக்கும் நடுவில் இந்தத் தொழிலை விட்டுப் போகாமல் என்னைப் பிடித்து வைத்தவர் யாஸ்மின் அகமது. அவரோடு வேலை செய்யும் வாய்ப்பு எனக்கு அமையவில்லை. லியோ பெர்னட் ஏஜென்சியிலிருந்து பெட்ரோனாஸுக்காக அவர் எடுத்த பண்டிகை விளம்பரங்களை எல்லாரையும் போல வீட்டில் உட்கார்ந்து பார்த்தவள்தான். 2007-ல் ஒன்று வந்தது. ஒரு சீனப் பையன், பள்ளிக்கூட வயது. உனக்கு யாரைப் பிடிக்கும் என்று குரல் மட்டும் கேட்கிறது. ஒரு மலாய்ச் சிறுமியின் பெயரைச் சொல்கிறான், அவளிடம் சொல்லிவிடாதீர்கள் என்கிறான். பிறகு அவள் வருகிறாள். அவளிடமும் கேட்கிறார்கள். அவள் சொல்கிற பதிலைக் கேட்டு அந்தப் பையன் முகம் போகிற போக்கை எந்த எழுத்தாளரும் எழுதிவிட முடியாது. பிள்ளைகளைப் பேசவிட்டு, கேமராவை நகர்த்தாமல் வைத்துக் காத்திருந்திருக்கிறார். அடுத்த ஆண்டு கான் விளம்பர விழாவில் அது தங்கம் வாங்கியது. எண்ணெய் நிறுவனம் நல்ல பெயர் தேடிக்கொள்கிற விளம்பரம்தான் அதுவும். ஆனால் அதில் அவசரமாகச் சொல்லி மறைக்க வேண்டிய வரி ஒன்றுகூட இல்லை. 2009 ஜூலையில் அவர் இறந்தார், 51 வயது. அன்று கூடத்தில் எங்கள் ஒலிப்பதிவாளர் வேலையை நிறுத்தி அந்தப் படத்தைப் போட்டார். யாரும் ஒன்றும் பேசவில்லை.

தீபாவளிக்கு முந்தைய வாரம் பிரிக்பீல்ட்ஸ் போவது எனக்கு வழக்கம். ஜாலான் துன் சம்பந்தனில் கூடாரங்கள், ஒலிபெருக்கி, முறுக்கு பொரிகிற எண்ணெய் வாசனை. "வாங்கக்கா, பாருங்கக்கா, பார்க்கிறதுக்குக் காசில்ல!" என்று சுடிதார் கடைத் தம்பி கத்துவதை நின்று கேட்பேன். கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலும் இதே கூவல்தான். அந்தத் தம்பியும் புளுகுவான். பம்பாயிலிருந்து நேற்றுதான் வந்தது என்பான், போன வருடத்துச் சரக்காக இருக்கும். ஆனால் சாயம் போனால் நாளைக்குத் துணியைத் தூக்கிக்கொண்டு அவன் எதிரே போய் நிற்கலாம், அவன் அங்கேதான் இருப்பான். என்னிடம் அத்தை எங்கே வந்து நிற்பார்? அத்தைக்காவது என் வீடு தெரியும். மற்றவர்களுக்கு நான் சுவரிலிருந்து வருகிற குரல்.

அந்தத் தவணையை முடிக்க நானும் கொஞ்சம் கட்டினேன். அத்தை வேண்டாம் வேண்டாம் என்றார். அதன் பிறகு கையெழுத்திடும் எந்த ஒப்பந்தத்திலும் நிபந்தனை வரியைக் கணினியில் அமுக்கக்கூடாது என்று எழுதி வாங்குகிறேன். சில ஏஜென்சிகள் அதோடு கூப்பிடுவதை நிறுத்திக்கொண்டன.

போன மாதம் ஒரு தளவாடக் கடை விளம்பரம். மாதத் தவணைதான். ஒலிப்பதிவாளர் சீனத் தம்பி, தமிழ் தெரியாது. ஆனால் இத்தனை வருடத்தில் அந்த ஒரு வரியின் ஓசை அவருக்குப் பழக்கம். நான் நிதானமாகப் படித்து முடித்ததும் கடிகாரத்தைக் காட்டி, "காக், பாஞ்சாங் சங்காட்" என்றார், ரொம்ப நீளம் என்று. 33 வினாடி. மூன்றரை வினாடி குறைய வேண்டும். ஸ்கிரிப்டைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போய் உட்கார்ந்தேன். 'அற்புதமான' என்பதை அடித்தேன். 'அனைவரும் விரும்பும்' என்பதை அடித்தேன். 'உங்கள் இல்லத்தின் அழகுக்கு அழகு சேர்க்கும்' முழுவதையும் அடித்தேன். ஏஜென்சிப் பெண் கைப்பேசியில் கிளையன்டைக் கூப்பிட்டு மெல்லிய குரலில் பேசினார். இருபது நிமிடம் ஆயிற்று. பிறகு தலையாட்டினார்.

நாலாவது டேக்கில் இருபத்தொன்பதரை வினாடிக்கு வந்தது. அதில் அந்த வரிக்கு மட்டும் நான்கு வினாடி. காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். தம்பி அந்தத் துண்டை மறுபடி ஓடவிட்டுக்கொண்டிருந்தார். வழக்கமாக அவர் திரையில் அந்த இடம் ஒரு கறுப்புக் கட்டியாகத் தெரியும். அன்று மூன்று சொல்லும் நடுவே என் மூச்சோடு தனித்தனியாக நின்றன.